மறைகலத்துக்கு ஒரு பிளெக்ஸ்

காரைக்கால் பேருந்து நிலையத்துக்கு எதிரே, செருப்புக் கடைக்கு மேலே, மாடிப்படி ஏறினால் ஒரு பெயர்ப்பலகை வரும். 'காரைக்கால் வட்டார மின்விளையாட்டு மற்றும் விண்வெளிக் கண்காணிப்பு மேம்பாட்டுச் சம்மேளனம்' என்று அதில் எழுதியிருக்கும். பலகை அறையைவிட நீளம். அதனால் 'சம்மேளனம்' என்ற சொல் மட்டும் பக்கத்துப் பல் டாக்டரின் வாசலுக்கு மேல் போய் நிற்கிறது. பல்வலிக்காரர்கள் சிலர் தவறிப்போய் இங்கே வந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களையும் சேர்த்துத்தான் பொதுக்குழுவுக்கு வேண்டிய ஆள்கணக்கு காட்டுகிறார்கள்.

இந்தச் சம்மேளனத்தின் மேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் கிடையாது. நினைத்தால் குமட்டுகிறது, அவ்வளவுதான்.

ஒரு காலத்தில் இது கேரம் சங்கம். ஒரு மழைக்காலத்தில் இருந்த ஒரே கேரம் பலகையும் ஊறி வளைந்துபோனது. ஆட்டக்காரர்கள் போய்விட்டார்கள், நிர்வாகிகள் மிஞ்சினார்கள். ஆட்டம் இல்லாமல் நிர்வாகம் செய்வது முன்னைவிட வசதியாக இருப்பதை அவர்கள் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். அப்புறம் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு ஊரில் மதிப்பு வந்தது. பலகையில் பெயரை மட்டும் மாற்றி எழுதிவிட்டு அதே நாற்காலிகளில் அப்படியே உட்கார்ந்துகொண்டார்கள்.

தலைவர் நடராசன் ஓய்வுபெற்ற அதிகாரி. எந்த அலுவலகம் என்று கேட்டால் அதைச் சொல்லமாட்டார். தன் அறைக்கு வெளியே எத்தனை பேர் காத்திருப்பார்கள் என்பதை மட்டும் சொல்வார். செயலாளர் காஜா நஜ்முதீன் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். எந்தச் சண்டையிலும் இரண்டு தரப்புக்கும் சம்மதமான மூன்றாவது முட்டாள்தனம் ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுப்பதில் கெட்டிக்காரர். இவர்கள் தவிர கௌரவத் தலைவர், துணைத் தலைவர்கள், இணைச் செயலாளர்கள் என்று ஒரு கூட்டம். கொள்கை பரப்புச் செயலாளர்கூட ஒருவர் உண்டு. என்ன கொள்கை என்று அவருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

பதவி எதுவும் இல்லாமல், வெறுமனே விளையாடுகிற ஆளாக அந்தப் படி ஏறி வந்தவள் ரிஃபானா ஒருத்திதான்.

ரிஃபானாவுக்கு இருபத்து மூன்று வயது. துறைமுகச் சாலையில் ஒரு ஏற்றுமதி ஏஜென்சியில் பில் போடுகிற வேலை. வாப்பா ஷார்ஜாவில். வீட்டில் அவளும் உம்மா ஆஸியா பீவியும் மட்டும். வேலை முடிந்து வந்தால் லேப்டாப்பைத் திறந்து 'மறைகலம்' என்ற விளையாட்டில் உட்காருவாள். அதில் சுடுவது, வெட்டுவது, துரத்துவது ஒன்றும் கிடையாது. ஒரு விண்கலம் ஒரு கிரகத்துக்கு மேலே, அதன் நிலாவின் நிழலில் ஒளிந்து நிற்கும். ஆடுகிறவர் கலத்துக்குள் இருந்துகொண்டு கீழே வாழ்கிறவர்களைப் பார்க்க வேண்டும். பார்ப்பது அவர்களுக்குத் தெரியக்கூடாது. ஆட்டமே அதுதான்.

தெரிந்துவிட்டால், தெரிந்ததனால் அவர்களுடைய நடத்தை மாறிவிட்டால், அந்தக் கிரகம் கெட்டுவிட்டதாகக் கணக்கு. விளையாட்டை நடத்துகிற பெங்களூர் கம்பெனி அதை அணைத்துவிடும். அங்கே இருக்கிற ஆட்கள், வயல், வாய்க்கால், குஞ்சுகுளுவான் எல்லாம் அதோடு சரி. கிரகத்தின் கணக்கில் ஒரு முழு வருடம் யார் கண்ணிலும் படாமல் பார்த்து முடித்துவிட்டால், அந்தக் கிரகத்தை 'நிரந்தர வானம்' என்ற இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். அதற்குப் பிறகு அதை யாரும் அணைக்க முடியாது. நாம் லேப்டாப்பை மூடிவிட்டுத் தூங்கினாலும் அது பாட்டுக்கு வாழும். ஒவ்வொரு கிரகமும் ஒருவருக்குத்தான் கிடைக்கும், ஒரு தடவைதான் முளைக்கும்.

ரிஃபானாவுக்குக் கிடைத்த கிரகம் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு பொரியைப் போல இருந்தது. அதனால் பொரி என்றே பெயர் வைத்தாள். அங்கே இருந்தவர்களுக்கு மூன்று கால், கழுத்து கிடையாது. தண்ணீர் நின்ற வயல்களில் ஏதோ நீலப் பயிர் வளர்த்தார்கள். கழுத்து இல்லாததால் அண்ணாந்து பார்க்க முடியாது, வானம் வேண்டுமென்றால் மல்லாக்கப் படுக்க வேண்டும். உழைக்கிறவர்களுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. ஆகவே ஒளிந்திருப்பது சிரமமாக இல்லை.

எட்டு மாதமாகப் பார்த்ததில் அவளுக்கு ஆட்கள் பழகிவிட்டார்கள். உயரமாக இருந்தவளுக்கு நெட்டச்சி என்று பெயர். யார் வயலில் வரப்பு உடைந்தாலும் சொல்லாமல் கொள்ளாமல் போய் அடைத்துவிட்டு வருகிற ஒருவனுக்குக் கோணலன். அவன் அடைத்த வரப்பு ஒன்றுகூட நேராக இருக்காது. ஆனால் ஒன்றுகூட உடையாது.

ஆஸியா பீவி முதலில், "பொம்பளப்புள்ள எந்நேரமும் பொட்டியத் தொறந்து வச்சுக்கிட்டு" என்று கத்திக்கொண்டுதான் இருந்தார். அப்புறம் ஒரு நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு சோறு போடும்போது, "ஒன் ஆளுங்க நட்டு முடிச்சுட்டாங்களா" என்று கேட்க ஆரம்பித்தார்.

பாதி வருடம் தாண்டியதும் கம்பெனி ஒரு விதியைக் காட்டியது. இதற்குமேல் கலம் தனி ஆள் பெயரில் இருக்க முடியாது. உள்ளூர் விளையாட்டு அமைப்பு ஒன்று அதை ஏற்றுக்கொள்ள வேண்டும், கலத்தின் இன்னொரு சாவி அந்த அமைப்பிடம் இருக்கும். ஆடுகிறவர் நடுவில் விட்டுவிட்டுப் போனால் பொறுப்புக்கு ஓர் ஆள் வேண்டுமாம். பொறுப்புக்கு என்றுதான் அந்தப் பாவி மகள் சம்மேளனத்தின் படி ஏறினாள்.

நடராசன் அவளை உட்காரச் சொன்னார். "கலம் இப்ப எங்கம்மா நிக்குது?"

"பொரிக்கு மேல சார். நெலாவோட நெழல்ல."

"எவ்ளோ நாளா?"

"எட்டு மாசமா சார்."

"தொறப்பு விழா எப்ப நடந்துச்சு?"

"அது ஒளிஞ்சிருக்கிற கலம் சார். தொறப்பு விழா கெடையாது."

நடராசன் காஜா நஜ்முதீனைப் பார்த்தார். இருவரும் வருத்தத்தோடு தலையாட்டிக்கொண்டார்கள். "தொறக்கவே இல்லன்னா எட்டு மாசமா எப்படிம்மா நிக்கும்?" என்றார் நடராசன். "சட்டப்படி அது இன்னும் கெளம்பவே இல்ல."

அப்படியாக, எட்டு மாதமாகப் பறந்துகொண்டிருந்த கலத்துக்கு ஒரு கல்யாண மண்டபத்தில் தொடக்க விழா நடந்தது. குழல்விளக்கு, வாழைமரம், ஒலிபெருக்கி. சிறப்பு விருந்தினர் வர இரண்டு மணி நேரம் தாமதமானது. அதுவரை கொள்கை பரப்புச் செயலாளரைப் பேசவிட்டார்கள். கொள்கை என்னவென்று தெரியாததால் அவர் தடையில்லாமல் பேசினார்.

பிறகு நடராசன் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "ஒளிந்திருப்பது எளிதல்ல. அதற்கொரு தலைமை வேண்டும். ரகசியம் காப்பதில் காரைக்கால் யாருக்கும் இளைத்ததல்ல என்பதை இன்று ஊருக்கும் உலகுக்கும் உரக்கச் சொல்கிறோம். நம் கலம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை இதோ திரையில் பாருங்கள்" என்றார். கைத்தட்டல் எழுந்தது. வந்தவர்கள் எல்லோரும் கலம் ஒளிந்திருக்கும் இடத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்தது பொன்னாடை. விருந்தினருக்குப் போட்டார்கள், விருந்தினர் தலைவருக்குப் போட்டார், தலைவர் செயலாளருக்கு. ஒன்று மிச்சமிருந்தது. ரிஃபானாவுக்குப் போட்டால் பதவியில்லாத ஆளுக்குப் போட்ட முன்னுதாரணம் ஆகிவிடும் என்று ஒரு துணைத் தலைவர் காதில் ஓதினார். காஜா நஜ்முதீன் உடனே வழி கண்டுபிடித்தார். லேப்டாப்புக்குப் போர்த்தினார்கள். சரிகை கனத்த பொன்னாடை அது. காற்று போகிற வழி அடைபட்டு லேப்டாப் சூடேறியது. பொரிக்கு மேலே கலத்தின் விளக்குகள் சிமிட்டின, கலம் நிழலை விட்டு நகர ஆரம்பித்தது. ரிஃபானா மேடையேறிப் பொன்னாடையைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கலத்தை இழுத்து உள்ளே கொண்டுவந்தாள்.

சம்மேளனம் அவளை மன்னித்தது. ஆனால் பொன்னாடையை அவமதித்ததற்கு விளக்கம் கேட்டது. அவள் விளக்கினாள். விளக்கம் திருப்தியாக இல்லை என்று பதிவு செய்துகொண்டார்கள்.

இதற்குப் பிறகு மூன்று மாதம் யாரும் அவளைத் தொந்தரவு செய்யவில்லை. நீலப்பயிர் கதிர்விட்டது. பொரியின் வருடம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. நெட்டச்சிக்குக் குஞ்சு பிறந்திருந்தது. அதன் மூன்று கால்களும் மூன்று பக்கம் போனதைப் பார்த்து ஆஸியா பீவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அந்தச் சமயத்தில்தான் செயற்குழு கூடி ஒரு குறையைக் கண்டுபிடித்தது. ரிஃபானாவையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"ஒரு வருஷமா பாக்குறோம்" என்றார் நடராசன். "பாக்குறது யாருன்னு அவங்களுக்குத் தெரியுமா? தெரியாது. இது நியாயமா?"

"தெரியக்கூடாதுங்கிறதுதான் சார் ஆட்டம்" என்றாள் ரிஃபானா.

"ஆட்டம் வேறம்மா, மரியாதை வேற. நான் ஆபீஸ்ல இருந்த காலத்துல, நான் பாக்குறேன்னு தெரிஞ்சாத்தான் எதிர்ல நிக்கிறவன் ஒழுங்கா நிப்பான். நான் பாக்குறது அவனுக்குத் தெரியலன்னா, நான் எதுக்குப் பாக்கணும்?"

ஒரு மனிதன் தன் முழு உத்தியோக வாழ்க்கையையும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

கலத்தின் மேல் ஒரு பிளெக்ஸ் வைப்பதென்று தீர்மானமானது. யார் தலை எவ்வளவு பெரிசு என்பதில் தகராறு வந்தது. கௌரவத் தலைவரின் தலை தலைவரின் தலையைவிடப் பெரிதாக இருக்கலாமா என்பதில் இருவர் வெளிநடப்பு செய்தார்கள். படியில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொள்ளும்போது டீ வந்துவிட்டதால் திரும்பி உள்ளே வந்தார்கள்.

ரிஃபானா எழுந்து நின்றாள். "சார், போர்டு வச்சா அவங்க பாத்துருவாங்க. பாத்தா பொரிய அணைச்சுருவாங்க. எல்லாம் போயிரும் சார். இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு, முடிஞ்சதுக்கப்புறம் நீங்க எவ்ளோ பெரிய போர்டு வேணும்னாலும் வைங்க."

காஜா நஜ்முதீன் தொண்டையைச் செருமினார். "புள்ள சொல்றதுலயும் ஞாயம் இருக்கு, தலைவர் சொல்றதுலயும் ஞாயம் இருக்கு. போர்டையும் வைப்போம், அது மறைவாவும் இருக்கட்டும். சின்ன எழுத்துல போட்டுருவோம்."

எழுத்தைச் சின்னதாகத்தான் போட்டார்கள். தலைகளைச் சின்னதாக்க யாரும் ஒப்பவில்லை. கைகூப்பிய ஏழு தலைகள், நடுவில் நடராசன், கீழே 'மறைந்திருந்து உலகைக் காக்கும் எங்கள் தலைவரே, வருக வருக' என்று ஒரு வரி. எங்கிருந்து எங்கே வரச் சொல்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தங்களிடமிருந்த சாவியைப் போட்டு, ரிஃபானா வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், கலத்தின் அடிவயிற்றில் அதை ஏற்றினார்கள். சாயங்காலம் சிறப்பு விருந்தினர் வந்து பார்ப்பதாக இருந்தபடியால் சுற்றிலும் சீரியல் விளக்கும் போட்டார்கள்.

பொரியில் யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. பார்க்க அவசியமே இல்லாமல் போயிற்று. வயலெல்லாம் தண்ணீர் நின்றது. அந்தத் தண்ணீருக்குள், குனிந்து வேலை செய்துகொண்டிருந்தவர்களின் காலடியில், ஏழு தலைகள் தலைகீழாகக் கைகூப்பிக்கொண்டு மின்னின.

ரிஃபானா வேலை முடிந்து வந்து லேப்டாப்பைத் திறந்தபோது பொரியில் ஒருவரும் அசையவில்லை. நெட்டச்சி குஞ்சைத் தூக்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டு வரப்பில் நின்றாள். ரிஃபானா போர்டை அணைக்கப் பார்த்தாள், அவளுடைய சாவிக்கு அது அணையவில்லை. ஓடிப்போய் சம்மேளன அறைக் கதவைத் தட்டி, விருந்தினருக்கு இனிப்பு கொடுத்துக்கொண்டிருந்தவர்களைக் கெஞ்சி, அதை இறக்கவைப்பதற்குள், நம் ஊரைவிடப் பொழுது சீக்கிரம் ஓடுகிற பொரியில் இரண்டு நாள் கழிந்துவிட்டது.

அந்த இரண்டு நாள் போதுமானதாக இருந்தது. மூன்றாம் நாள் கோணலன் வரப்பை அடைக்கப் போகவில்லை. ஒரு பலகையைச் செதுக்கி, அதில் தன் தலையைத் தலைகீழாக வரைந்து, வாய்க்கால் கரையில் நட்டுவைத்துவிட்டு அதன் பக்கத்தில் சும்மா நின்றான். நாலாம் நாள் அடுத்த வயல்காரன் அதைவிடப் பெரிய பலகை நட்டான். உடைந்த வரப்பு வழியே தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.

அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் நடராசனிடம் காட்டினாள். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியாம்மா" என்றார். "நம்ம பண்பாடு எவ்ளோ தூரம் போய்ச் சேந்துருக்கு."

கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. பொரி கெட்டுவிட்டது, ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு அணைக்கப்படும். ஆனால் கம்பெனிக்காரர்கள் நம்மவர்களைவிட மனிதர்கள். போர்டு வந்தது அமைப்பின் சாவியிலிருந்து, ஆடுகிற பெண்ணின் சாவியிலிருந்து அல்ல என்பதைக் கவனித்திருந்தார்கள். 'போர்டை வைத்தது நாங்கள்' என்று அமைப்பின் நிர்வாகி ஒருவர் கையெழுத்துப் போட்டு அனுப்பினால், பொரியைப் போர்டு வைப்பதற்கு முந்தைய நாளுக்குத் திருப்பி வைத்துவிடுவதாகச் சொன்னார்கள். ஒரே ஒரு வரி, ஒரே ஒரு கையெழுத்து.

ரிஃபானா நடராசனிடம் போனாள்.

"'வைத்தது நாங்கள்'னு எழுதிட்டா, வச்சது நாங்கன்னு ஆயிடும்மா" என்றார் அவர்.

"வச்சது நீங்கதானே சார்."

"அது நமக்குள்ள. நான் முப்பத்தஞ்சு வருஷம் சர்வீஸ் பாத்தவன். என் கையெழுத்த எதுலயும் சிக்காம காப்பாத்தி வச்சுருக்கேன். அதான் என் பென்ஷன் இன்னிக்கும் ஒழுங்கா வருது."

பாத்திரக்கடைக்குப் போனாள். காஜா நஜ்முதீன் ஒரு அண்டாவுக்கு ஈயம் பூசுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"மாமா, செயலாளர் போட்டாலும் செல்லும்னு கம்பெனில சொல்லிட்டாங்க."

"போட்டுருவேன் புள்ள, எனக்கென்ன பயமா? ஆனா தலைவருக்கு முன்னாடி நான் போட்டேன்னு வையி, தலைவருக்கு இல்லாத தைரியம் எனக்கு இருக்குன்னு ஆயிடும். அது நல்லாருக்காது." அவர் கொஞ்சம் யோசித்தார். "ஒரு விசாரணைக் குழு போட்டுருவோம்."

விசாரணைக் குழு ஒரே அமர்வில் குற்றவாளியைக் கண்டுபிடித்தது. சனி கிரகம். திருநள்ளாறு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, அப்படிப்பட்ட கிரகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்னொரு சில்லறைக் கிரகத்தை ஒரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தால் கோபம் வராதா என்று ஒரு துணைத் தலைவர் கேட்டார். காஜா நஜ்முதீன், தனக்கு இந்த விஷயத்தில் அனுபவம் இல்லை, இருந்தாலும் பெரும்பான்மை முடிவுக்குக் கட்டுப்படுவதாகச் சொன்னார். போர்டைப் பற்றி அறிக்கையில் ஒரு சொல் இல்லை. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். சனியைப் பற்றிய அறிக்கையில் கையெழுத்துப் போட அவர்களில் ஒருவரும் தயங்கவில்லை.

அன்று ரிஃபானா சாப்பிடவில்லை. "பேர மாத்தி நான் வேணா போட்டுத் தரவா கையெழுத்து?" என்று கேட்டார் ஆஸியா பீவி. விளையாட்டாகக் கேட்கவில்லை.

"அவங்க ஃபோன் பண்ணிக் கேப்பாங்க உம்மா."

"கேட்டா கேக்கட்டும். நாந்தான் போர்டு வச்சேன்னு சொல்றேன்."

அந்த ஊரில் அந்தப் பழியை ஏற்க ஒரே ஒருவர் தயாராக இருந்தார், அவருக்குப் பதவி இல்லை.

சனிக்கிழமை சம்மேளனத்திலிருந்து ரிஃபானாவுக்கு அழைப்பு வந்தது. ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, மறைந்த பொரிக் கிரகத்துக்கு இரங்கல் கூட்டம்.

அவள் நடராசனுக்கு ஃபோன் செய்தாள். "சார், அது இன்னும் இருக்கு சார்."

"இருக்கட்டும்மா. ஆறு மணிக்குப் போகப்போவுதுல்ல? ஹால் அஞ்சு மணிக்குத்தான் கெடைச்சுது."

"அந்தக் கையெழுத்து மட்டும் போட்டுட்டீங்கன்னா கூட்டமே தேவையில்ல சார்."

நடராசன் பெருமூச்சு விட்டார். அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. "சரி, நீயும் விட மாட்டேங்கிற. கூட்டத்துக்கு வா. அஜெண்டாவுல கடைசியா 'இதர'ன்னு ஒன்னு இருக்கு. அதுல வச்சுப் பாத்துக்கலாம்."

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் போனாள். வாசலிலேயே பிளெக்ஸ் நின்றது. 'கண்ணீர் அஞ்சலி.' ஒரு மூலையில் பொரி, பொரியைப் போலவே சின்னதாக. தோற்றம், மறைவு என்று தேதி போட்டிருந்தது, மறைவுத் தேதி அன்றையது. மீதி இடம் முழுக்க அதே ஏழு தலைகள். கைகூப்பிய அதே படங்கள்தான், கண்ணுக்குக் கீழே மட்டும் துளி வரைந்திருந்தார்கள். ரிஃபானா அதைத் தாண்டி உள்ளே போனாள்.

முன்வரிசையில் உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் திறந்து வைத்துக்கொண்டாள். கூட்டம் ஐந்தரைக்குத் தொடங்கியது. வரவேற்புரை, முன்னிலை உரை. பொரியோடு தனக்கு இருந்த நெருங்கிய பழக்கத்தைப் பற்றி ஒரு துணைத் தலைவர் பேசினார். அதன் பெயரை அவர் கடைசிவரை கடலை என்றே சொன்னார். காஜா நஜ்முதீன், பொரியின் குடும்பத்தாருக்குச் சம்மேளனத்தின் ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவித்தார்.

மடியில் வேறு ஏதோ நடந்துகொண்டிருந்தது. நெட்டச்சி வாய்க்கால் கரைக்கு வந்தாள். கோணலனின் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மூன்று காலையும் ஊன்றி அதைப் பிடுங்கி, தூக்கிக்கொண்டு போய் வாய்க்காலின் குறுக்கே போட்டாள். அக்கரைக்குப் போக அங்கே வழியில்லாமல் இருந்தது. இப்போது பலகை பாலமாகிவிட்டது. காரைக்கால் பக்கம் குரும்பகரம் கிராமத்தில் மழை வந்தால் பிளெக்ஸைப் பிரித்துக் கொண்டுபோய் நெல்லை மூடுவார்கள். யாரும் சொல்லிக் கொடுக்காமல் பொரிக்காரர்களுக்கும் அந்தப் புத்தி வந்திருந்தது. முதலில் குஞ்சுகள் பலகைமேல் நடந்தன. கோணலனின் தலையை மிதித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய், மறுபடி மிதித்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தன. கோணலன் பார்த்தபடி நின்றான். கொஞ்ச நேரம் கழித்து அவனும் பலகைமேல் ஏறிக் கடந்துபோய், உடைந்து கிடந்த வரப்பில் உட்கார்ந்து மண்ணை அள்ளினான்.

ரிஃபானா எழுந்துவிட்டாள். "சார், அவங்களே எறக்கிட்டாங்க. பாருங்க சார். எல்லாரும் பழையபடி வேலைக்குப் போறாங்க. இப்ப கையெழுத்துப் போட்டா போதும் சார், இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு."

நடராசன் மேடையிலிருந்து இறங்கி வந்தார். திரையைப் பார்த்தார். அவருக்கு உண்மையாகவே சங்கடமாக இருந்தது.

"அத மூடி வைம்மா" என்று மெல்லச் சொன்னார். "உயிரோட இருக்கிறத எல்லார் முன்னாடியும் தொறந்து வச்சுக்கிட்டா, பேசுறவங்களுக்கு எப்படி பேச்சு வரும்?"

"கையெழுத்து சார்."

"'இதர'ல வரும்னு சொன்னேன்ல? இன்னும் மௌன அஞ்சலி இருக்கு, அதுக்கடுத்தது 'இதர'தான். வரிசைய மாத்துனா நாளைக்கி எல்லாரும் மாத்துவாங்க."

அவர் மேடைக்குத் திரும்பினார். எல்லோரும் எழுந்து நின்றார்கள், ஆள்கணக்குக்காகக் கூட்டி வந்திருந்த பல்வலிக்காரர் ஒருவர் உட்பட. தலைகள் குனிந்தன. ரிஃபானா லேப்டாப்பை மூடவில்லை. மின்விசிறிகள் சுற்றும் சத்தத்தைத் தவிர மண்டபத்தில் சத்தமே இல்லை. அந்த அமைதியில் அவள் கையிலிருந்து பொரியின் ஓசை தெளிவாகக் கேட்டது. பலகையின் மேல் தடதடவென்று குஞ்சுகள் ஓடுகிற சத்தம். சிரிப்பா கத்தலா என்று பிரிக்க முடியாத ஒரு கும்மாளம். நெட்டச்சி எதையோ சொல்லி அதட்டுகிற குரல். நடராசன் குனிந்த தலையைத் தூக்காமல், கண்ணை மட்டும் திறந்து, சத்தத்தைக் குறைக்கும்படி அவளுக்குக் கையால் சாடை காட்டினார்.

அவள் குறைக்கவில்லை. அது தானாக நின்றது. திரை கறுத்தது.

நடராசன் அவளைப் பார்த்துத் திருப்தியோடு தலையசைத்தார். மௌன அஞ்சலி முடிந்தது, நாற்காலிகள் உராய எல்லோரும் உட்கார்ந்தார்கள். அவள் மட்டும் உட்காரவில்லை.

"நன்றிம்மா. சபை நாகரிகம்னு ஒன்னு இருக்குல்ல" என்றார் நடராசன். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அஜெண்டாவைப் பார்த்தார். "அடுத்து, இதர. ரிஃபானா, ஏதோ கையெழுத்து கேட்டியே, கொண்டாம்மா. எங்க போடணும்?"

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைத் திறந்து, கையை நீட்டியபடி அவர் உண்மையிலேயே காத்திருந்தார்.